அறுபதுக்கு இரண்டரை குறைவு

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. சுவரோரம் இருப்பவர்கள் கொஞ்சம் நெருங்கிக்கொண்டால் பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் கிடைக்கும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பஸ் கண்டக்டரின் கதை சொல்லப்போகிறேன். தன் கையாலேயே கம்பி கம்பியாக வளைத்து ஒரு கூண்டு செய்து, கடைசியில் அதற்குள் தானே நின்றவள். முதல் பாதியில் சிரிப்பு வந்தால் அப்போதே சிரித்துவிடுங்கள். பின்னால் அதற்கு அவ்வளவு தோது இருக்காது.

அவள் இருபத்திரண்டு வருஷம் ஒரே தடத்தில் கண்டக்டராக இருந்தாள். அந்த பஸ்ஸின் டிரைவர் அவள் புருஷன். வீட்டிலும் அவர் அவளைக் கண்டக்டரே என்றுதான் கூப்பிடுவார். அவளும் டிரைவரே என்பாள். ஊருக்கு அவள் கண்டக்டரம்மா. கெடுபிடி என்றால் அப்படி ஒரு கெடுபிடி. சொந்த மாமியார் ஒருநாள் மருமகள் பஸ்தானே என்று கைவீசிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். நாலாவது நிறுத்தத்தில் மருமகள் வந்து பக்கத்தில் நின்று, மற்றவர்களிடம் கேட்கிற அதே குரலில் எங்கே போகணும் என்று கேட்டாள். மாமியார் பையைத் துழாவி, சில்லறையை எண்ணி, கடைசிக் காசைக் கொஞ்சம் பலமாகவே அவள் உள்ளங்கையில் அழுத்தினார். அன்று இரவு வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. டிரைவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே தனக்குள் சிரித்தாராம்.

ஆனால் காசில்லாத பிள்ளைத்தாய்ச்சியையோ, ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவரையோ அவள் ஒருநாளும் வழியில் இறக்கிவிட்டதில்லை. தன் பர்ஸிலிருந்து காசை எடுத்துப் பையில் போட்டு, டிக்கெட்டைக் கிழித்து அவர்கள் கையில் கொடுப்பாள். டிக்கெட் இல்லாத ஆள் மட்டும் அவள் வண்டியில் கிடையாது.

இவள் சட்டமன்ற உறுப்பினர் ஆனதற்கும் அதுதான் காரணம். அந்தக் காலத்தில் உறுப்பினர்களின் செலவுக்கு விதிப் புத்தகம் என்று ஒன்று இருந்தது. மெல்லிய புத்தகம். நியாயமான செலவு எதுவானாலும் பொதுப் பணத்திலிருந்து திரும்பத் தரப்படும், அவ்வளவுதான் அதன் சாரம். ஒருவர் தன் நாய்க்குப் பல் பிடுங்கிய செலவை நியாயம் என்றார். இன்னொருவர் பதினோரு ஜன்னல் வைத்த வீட்டுக்கு நாற்பத்திரண்டு திரைச்சீலை வாங்கி, அதுவும் நியாயம் என்றார். சரிபார்க்கும் அதிகாரி பாவம் என்ன செய்வார்? இது நியாயமில்லையே என்று அவர் இழுத்தால், எது நியாயம் என்று எனக்கு நீ பாடம் நடத்துகிறாயா என்று ஃபோன் வரும். ஒருநாள் அந்தப் பட்டியல் முழுக்கப் பேப்பரில் வந்துவிட்டது. ஊர் காறித் துப்பியது. அடுத்த தேர்தலில் மாமியாருக்கே டிக்கெட் கிழித்தவள் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். ஜெயித்துவிட்டாள்.

புது விதி எழுதக் குழு போட்டபோது அவளையும் உட்காரவைத்தார்கள். நீங்கள் அவளைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் டிக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்சிச் செலவு கூடாது என்று அடித்தாள். தலைநகரில் அறை எடுத்துத் தங்க வாடகை வேண்டுமானால், உறுப்பினரின் வீடு மன்றத்திலிருந்து குறைந்தது அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றாள். எப்படி அளப்பது? வீட்டு வாசற்படியிலிருந்து மன்ற வாசற்படி வரை, கார் ஓடக்கூடிய மிகக் குறுகிய சாலையில். யார் அளப்பது? அதிகாரி. உறுப்பினர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாகச் சாலை போட்டால் மறுபடி அளக்க வேண்டும்.

குழுவில் ஒரு வயதான வக்கீல் இருந்தார். தக்க காரணம் இருந்தால் விலக்கு அளிக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கலாமே, ஒரு சின்ன ஜன்னல் இருந்தால் காற்று வருமே என்றார்.

"ஜன்னல் வெச்சா நாலே மாசத்துல அதுல கதவு போட்டுருவாங்க சார்" என்றாள் அவள்.

எல்லாரும் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். ஜன்னல் வைக்கவில்லை.

அவளுடைய வீடு பழைய சாலை வழியாக எழுபத்து நாலு கிலோமீட்டர். ஆற்றோரமாகவே போய்ப் பழைய பாலத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால் அவளுக்கும் ஓர் அறை கிடைத்தது. மன்றத்துக்குப் பின்தெருவில், மாவு மில்லுக்கு எதிரே, தரைத்தளத்தில். முதலில் அவள் மட்டும் தங்கினாள். இரண்டாம் வருஷம் டிரைவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, மேட்டில் ஏறும் பழைய வண்டி மாதிரி நின்று நின்று வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அவரையும் அந்த அறைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

மன்றம் மதியம் இரண்டு மணிக்குக் கூடினால் இரவு எட்டரை ஆகும். நடுவில் தேநீர் இடைவேளை. மற்றவர்கள் தேநீர் குடிக்கும்போது இவள் முந்நூற்றுப் பத்து எட்டு வைத்து அறைக்கு ஓடுவாள். அவரைப் புரட்டிவிட்டு, முதுகில் பவுடர் தட்டி, பாலில் நனைத்த ரொட்டியை ஊட்டிவிட்டுத் திரும்ப ஓடுவாள். மற்ற நேரத்தில் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்ப்பார். அந்த முந்நூற்றுப் பத்து எட்டில்தான் அவளுடைய பதவியும் இருந்தது, புருஷனும் இருந்தார். ஒன்று தூரமானால் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் அவள் ஊருக்கு ஒரு பாலம் வந்தது. வந்தது என்ன, இவள்தான் கொண்டுவந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், இந்தப் பக்கம் பிள்ளைகள். ஆறு வருஷம் மனு கொடுத்து, அமைச்சர் வீட்டு வாசலில் நின்று, கடைசியில் ஒரு சின்னப் பாலத்துக்குப் பணம் வாங்கிவிட்டாள். காரும் ஆம்புலன்ஸும் போகலாம்; பஸ்ஸும் லாரியும் போகாதபடி இரண்டு முனையிலும் உயரத்தில் இரும்புச் சட்டம் வைத்திருந்தார்கள். திறப்பு விழாவில் அவளைத்தான் முதலில் நடக்கவிட்டார்கள்.

பாலம் திறந்த பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. புதுச் சாலை போட்டிருப்பதால் தூரம் மறுபடி அளக்கப்படும்.

அளக்க வந்த அதிகாரியை எல்லாரும் அளவுக்காரர் என்பார்கள். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா. அவளுடைய வாசற்படியில் வண்டியை ஒட்டி நிறுத்தி, மீட்டரைப் பூஜ்யமாக்கி, அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். தெருமுனை வந்தது. இடது பக்கம் பழைய சாலை, வலது பக்கம் பாலம். வண்டியை நிறுத்திவிட்டார். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பாலத்துல உங்க பஸ் போகாது, இல்லைங்களா?"

"போகாது."

"உங்ககிட்ட கார் இல்ல."

"இல்ல. விதி என்ன சொல்லுது?"

"கார் ஓடக்கூடிய மிகக் குறுகிய சாலைன்னு சொல்லுது."

"அப்பறம் என்ன. வலது பக்கம் திருப்புங்க."

பாலத்தில் ஏறும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். அவளும் ஆட்டினாள். கண் மட்டும் மீட்டரைவிட்டு நகரவில்லை. ஊர் எல்லை தாண்டியதுமே அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் கிலோமீட்டர் கல்லை எண்ணிய கண் அல்லவா. இருந்தாலும் ஒவ்வொரு வளைவிலும் இன்னும் கொஞ்சம் நீளாதா, இந்த வளைவு இன்னும் கொஞ்சம் சுற்றாதா என்று கால் விரல்களை அழுத்திக்கொண்டே வந்தாள். மன்ற வாசற்படியில் வண்டி நின்றபோது மீட்டர் ஐம்பத்தேழரை காட்டியது. அளவுக்காரர் படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டாள்.

அறையைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள்.

சொந்தக் காசில் வாடகை கொடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவளும் நாலு தடவை கூட்டிப் பார்த்தாள். வாடகை கொடுத்தால் மருந்து இல்லை, மருந்து வாங்கினால் வாடகை இல்லை. ஊரிலிருந்து தினம் வந்து போகலாம் என்றால், கடைசி பஸ் மாலை ஆறு நாற்பது. அது ஆற்றைச் சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர ஒன்பது பத்து ஆகும். அந்த பஸ்ஸைப் பிடித்தால் மன்றத்தில் மாலைக்குப் பிறகு நடக்கும் எதிலும் அவள் இருக்க முடியாது. ஓட்டெடுப்பெல்லாம் மாலைக்குப் பிறகுதான். பஸ்ஸை விட்டால் இரவு டிரைவர் தனியாகக் கிடப்பார். மகன் கடல் தாண்டி வேலையில் இருந்தான். அடுத்த வீட்டு அக்கா நல்லவர், கூலி வாங்கிக்கொண்டு ஒன்பதரை வரை உட்காருவார். அதற்குமேல் அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது அல்லவா.

தீர்வு ஒன்றைச் சொன்னது அளவுக்காரர்தான். ஒருநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒரு தாளைக் காட்டினார். பதினேழு உறுப்பினர்களின் பெயர்கள். எல்லாரும் புது விதி வந்த பிறகு விலாசம் மாற்றியவர்கள். ஒருவருக்கு மச்சினன் தோட்டத்துக் கொட்டகை. இன்னொருவருக்கு அறுபத்தோராவது கிலோமீட்டரில் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் மாடி. யாரும் அங்கே ஓர் இரவுகூடப் படுத்ததில்லை.

"எல்லாம் விதிப்படி சரி. நான்தான் அளந்தேன், நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "உங்க ஊர் தாண்டி மூணு கிலோமீட்டர்ல ஒரு ரூம் பேருக்கு எடுங்க. நாளைக்கே வந்து அளக்கறேன்."

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஜன்னல் இல்லாத வீட்டில் கூரையைப் பிரித்து இறங்கியிருக்கிறார்களே என்று நினைத்தாள். தனக்கு மட்டும் ஏன் ஏறத் தெரியவில்லை என்றும் நினைத்தாள்.

அறைக்கு வந்து டிரைவரிடம் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"எடு" என்றார்.

"எதை?"

"ரூம்."

"அங்க யாருங்க படுக்கப் போறா? பொய்யில்லையா அது?"

"மத்தவங்க... செய்றாங்கல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்காக... ஒண்ணு... செய்யக்கூடாதா?"

முப்பது வருஷத்தில் அவர் அவளிடம் எனக்காக என்று கேட்டதே இல்லை. அவள் தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். என்னால் முடியாதுங்க என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்தார், அப்போதும் முடியவில்லை. கோபித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டுமானாலும் அவள்தான் வந்து திருப்பிவிட வேண்டும். அவள் வந்தாள். தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை கொடுத்து, சுவர் பக்கமாகத் திருப்பிவிட்டு, தலையணையைச் சரிசெய்து, விளக்கை அணைத்தாள்.

அடுத்து வந்தவர் சர்க்கரை. எதிரணியில் மூத்தவர். குரல் அப்படி இனிக்கும், அதனால் அந்தப் பெயர். விதியைத் திருத்த ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மிகக் குறுகிய சாலை என்ற இடத்தில் நியாயமான சாலை என்று போட்டால் போதும் அக்கா, உங்கள் பஸ் போகிற சாலையே நியாயமான சாலை ஆகிவிடும், முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும் என்றார். அவள் வாங்கி முழுதும் படித்தாள். சாலையோடு நிற்கவில்லை அது. சாமான், விருந்து, பயணம், பழுதுபார்ப்பு என்று ஒன்பது இடங்களில் அந்தப் பழைய சொல் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

"சாலைக்கு மட்டும் போட்டா நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

"உங்களுக்கு மட்டும் சாலை. மத்தவங்களுக்கு என்ன இருக்கு அக்கா?" என்றார் சர்க்கரை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவளே ஒரு தீர்மானம் எழுதினாள். கார் இல்லாதவர்களுக்கு பஸ் போகும் சாலையில் அளக்க வேண்டும். இந்த மன்றத்தில் இருக்கும் யாருக்கும் அது பொருந்தாது, அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். தனக்கே கிடைக்காதபடி எழுதினால்தான் தான் கேட்பது சரி என்று அவளுக்குத் தோன்றியது. சபையில் வைக்கப் பத்துக் கையெழுத்து வேண்டும். நாலு கிடைத்தது. யாருக்கும் ஒன்றும் கிடைக்காத தீர்மானத்தில் யார் பேனாவை வைப்பார்கள்? அந்த நாலில் ஒன்று வயதான வக்கீலுடையது. அவர் ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாததுதான் அவளுக்கு உறைத்தது.

மாதம் முடிந்தது. ஆம்புலன்ஸ் வைத்து டிரைவரை ஊருக்குக் கொண்டுபோனாள். பாலத்தின் வழியாகத்தான். சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சர்க்கரையின் தீர்மானம் சபைக்கு வந்தது. அவள் கையெழுத்து இல்லாவிட்டால் என்ன, அவள் கதை இருந்தது. நோயாளிப் புருஷனை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய இரக்கமற்ற விதி என்று ஆளாளுக்குப் பேசினார்கள். திரைச்சீலைக்காரர்கூடப் பேசினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் வேஷம் போட்டார்கள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நர்ஸாக இருந்து உறுப்பினரான ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் பஸ் டிக்கெட்டை இதே விதிப் புத்தகம் மறுத்திருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் எப்படி இங்கே பேச, என்று அவள் கேட்டது நிஜமான கேள்வி. கண்டக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வரியை எழுதியதும் இவள்தான்.

ஆறு ஐந்துக்கு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் சர்க்கரை நின்றிருந்தார்.

"ஆறு நாப்பதுக்குத்தானே அக்கா உங்க பஸ்? கிளம்புங்க."

"ஓட்டெடுப்பு எப்போ?"

"ஏழரை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க எங்களுக்கு ஓட்டுப் போட வேணாம். எதிராவும் போட வேணாம். உங்க பஸ்ஸ மட்டும் பிடிங்க. உடம்புக்கு முடியாத மனுஷன் வீட்ல காத்திருக்காரு. உங்களை யாரு குத்தம் சொல்லுவா? எங்களுக்கு ஒரு ஓட்டு வித்தியாசத்துல ஜெயம். வர்ற வாரம் உங்களுக்கு அதே ரூம்."

அவள் நகர்ந்தாள். சுவரோரம் போய் அடுத்த வீட்டு அக்காவுக்கு ஃபோன் செய்தாள். ஒன்பதரைக்கு மேல் இருக்க முடியாது, தன் வீட்டில் ஏற்கனவே முறைக்கிறார்கள் என்று அக்கா சொன்னார். டிரைவர் காதில் ஃபோனை வைக்கச் சொன்னாள். மூச்சு கேட்டது.

"டிரைவரே. நான்தான்."

"வா."

"ஓட்டு ஒண்ணு இருக்கு. போட்டுட்டு வந்தா நேரமாகும்."

"வா."

"நான் இப்ப கிளம்பி வந்துட்டா நமக்கு ரூம் திரும்பிக் கிடைச்சிரும்."



"அப்ப... வந்துர வேண்டியதுதானே" என்றார். முழு வாக்கியமாக வந்தது. எவ்வளவு பிரயாசைப்பட்டுச் சேர்த்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பஸ் நின்றுகொண்டிருந்தது. அந்தத் தடத்தில் இப்போது வேலை செய்யும் கண்டக்டர் பெண் இவளைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு, ஏறுங்கம்மா, ஜன்னல் சீட்டு இருக்கு என்றாள். இவள் கம்பியைப் பிடித்து முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். உள்ளே வேலை முடிந்து போகிறவர்கள், மடியில் பையை வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். ஏறினால் தீர்ந்தது. பொய் சொல்ல வேண்டாம், விலாசம் மாற்ற வேண்டாம், கையெழுத்து வேண்டாம். வீட்டுக்குப் போகிற பெண்டாட்டி வீட்டுக்குப் போகிறாள், அவ்வளவுதான்.

ஆனால் அவள் கண்முன் வந்தது டிரைவருடைய கட்டில். அந்தக் கட்டிலை அவரோடு தூக்கிக்கொண்டுபோய், பொதுப் பணம் இருக்கும் அறையின் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, திரைச்சீலைக்காரரும் நாய்க்காரரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே நுழைகிற மாதிரி. போகிறபோது அவர் காலில் இடித்துக்கொண்டு போகிற மாதிரி.

மணி ஆறு நாற்பத்திரண்டு. அவளுக்காக பஸ் நின்றுகொண்டிருந்தது.

"டைம் ஆச்சு. எனக்காக நிக்காத. எடு" என்று சொல்லிவிட்டுக் காலை எடுத்தாள்.

ஏழரைக்கு ஓட்டெடுத்தார்கள். அவள் உள்ளே வந்து உட்கார்ந்தபோது சர்க்கரையின் முகம் மாறவில்லை, பக்கத்தில் இருந்தவர் காதில் மட்டும் ஏதோ சொன்னார். ஆதரிப்பவர்கள் எழுந்து நின்றார்கள். நாற்பத்து நாலு. அடுத்து எதிர்ப்பவர்கள். இவளும் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாற்பத்து நாலு. சமமானால் தீர்மானம் விழும். விழுந்தது.

வாசலில் நர்ஸ் அவளை வழிமறித்தாள். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போயிருந்தாள்.

"என் குழந்தையப் பாத்துக்கறவங்க டிக்கெட்டும் போச்சும்மா" என்றாள்.

"தெரியும்மா" என்றாள் இவள். நர்ஸ் நகர்ந்துகொண்டு வழிவிட்டாள்.

டாக்சி பிடித்தாள். ஒரு வார மருந்துக் காசு. அந்தக் காசை எங்கேயும் திருப்பிக் கேட்க முடியாது, அந்த வரியையும் தானே அடித்திருந்தாள். டாக்சிக்காரன், பாலத்து வழியாகப் போனால் சீக்கிரம் போயிடலாம், யாரோ ஓர் அம்மா போராடி வாங்கினதாம் என்று தானாகவே சொல்லிக்கொண்டு வந்தான். அவள் ஆமாம் என்றாள்.

ஒன்பது இருபதுக்கு வீடு. அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். இவள் உள்ளே போனாள். டிரைவர் விழித்திருந்தார். கழுத்தோரம் வேர்த்து, சட்டை நனைந்து, தலையணையிலிருந்து தலை நழுவிக் கிடந்தார். புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. அக்காவுக்குத் தனியாகத் திருப்பத் தெம்பில்லை. முதுகில் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. அவள் பவுடரை எடுத்தாள்.

"யாரு... ஜெயிச்சா?"

"யாரும் ஜெயிக்கல. விதி அப்படியே இருக்கு."

"அப்ப... நாம?"

அவள் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். இடுப்புக்கு அடியில் இன்னொரு கை. எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் கண்ணால் காட்டினார். சுவர் பக்கம் இல்லை, அவள் படுக்கும் பக்கம். அவளை மன்னித்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன் கண்ணுகளா. சுவரைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அலுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அவள் தினமும் காலையில் வந்து மாலையில் ஆறு நாற்பது பஸ்ஸைப் பிடித்தாள். ஓட்டெடுப்புகளில் அவள் பெயருக்கு நேரே வரவில்லை, வரவில்லை என்றே எழுதினார்கள். வருஷக் கடைசியில், சபைக்கு ஒழுங்காக வராத உறுப்பினர்களின் பட்டியலைப் பேப்பர் போட்டது. மேலிருந்து மூன்றாவது பெயர் அவளுடையது. பூட்டிய கடையின் மாடியில் குடியிருப்பதாக எழுதிக் கொடுத்தவருக்கு, முழு வருகைக்காகப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். சர்க்கரை மறுவருஷமும் அதே தீர்மானத்தைக் கொண்டுவந்தார், அதே ஏழரை மணிக்கு. இந்தத் தடவை அவளைத் தாழ்வாரத்தில் மறித்துப் பேச வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை. டிரைவருக்கு அந்த வாரம் காய்ச்சல். அவள் பஸ்ஸில் இருந்தாள். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தில் ஏழரை ஆவதைப் பார்த்தாள். பழைய பாலம் இன்னும் வரவில்லை. அந்த நியாயமான என்ற சொல் ஒன்பது இடங்களிலும் திரும்பிவந்தது. நர்ஸுக்கு அவள் கேட்ட டிக்கெட் கிடைத்தது. திரைச்சீலைக்காரருக்கும் என்னென்னவோ கிடைத்தது. கண்டக்டரம்மாவுக்கு அறை தருவதாகக் கடிதம் வந்தது. அவள் அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. டிரைவர் தினமும் காலையில் அந்தக் கடிதத்தையும் பார்க்கிறார், அவளையும் பார்க்கிறார்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் படுத்திருப்பவர் எந்தப் பக்கம் திரும்ப நினைத்தாலும் திருப்பிவிட ஒரு கை பக்கத்திலேயே இருக்கட்டும். வெளியே போனவர்கள் தலை குனியாமலும் நேரம் தப்பாமலும் வீடு வந்து சேரட்டும். இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று கேட்கிற நாள் உங்கள் வாசலுக்கு வராமலே போகட்டும்.